160 என்ற எண் எப்படி வந்தது?

வங்கியிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைக் கவனித்திருப்பீர்கள். சொற்கள் பாதியில் நறுக்கப்பட்டிருக்கும். உயிரெழுத்துக்கள் உதிர்ந்திருக்கும். அந்தக் காலத்துத் தந்தியைப் படிப்பது போல் இருக்கும். அதோடு, அச்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஏன் இப்படி என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று 160 என்ற ஓர் எண். ஒரு குறுஞ்செய்தியில் அதிகப்படியாக 160 எழுத்துக்களே இடம்பெறலாம் என்பது விதி. ஒளியின் வேகத்தைப் போல இது இயற்கை வகுத்த எண்ணன்று. மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வகுத்த எண். அதன் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

தட்டச்சுப் பொறியின் முன் ஒருவர்

ஐரோப்பிய நாடுகள் அனைத்துக்கும் பொதுவான கைப்பேசி முறை ஒன்றை வகுக்க 1982 ஆம் ஆண்டில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவின் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமே ஜி.எஸ்.எம். பேச்சோடு எழுத்தையும் கைப்பேசி வழியே அனுப்ப முடியுமா என்று அக்குழுவினர் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் வாழ்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்னும் பொறியியல் வல்லுநர்.

ஒரு செய்திக்கு எத்தனை எழுத்துக்கள் போதும்? 1985 ஆம் ஆண்டில் ஹில்லெப்ராண்ட் தம் வீட்டில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்துப் பார்த்தார். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இடைவெளி ஆகிய அனைத்தையும் எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கிவிட்டன! அஞ்சலட்டைகளையும், அலுவலகங்கள் அனுப்பும் டெலெக்ஸ் செய்திகளையும் ஆராய்ந்தபோதும் அதே முடிவு கிடைத்தது. அஞ்சலட்டைகளில் பெரும்பாலானவை 150 எழுத்தைத் தாண்டவில்லை.

ஓடும் பேருந்தில் ஒரு கடிதம்

அளவு ஏன் இத்தனை சிறியதாக இருக்கவேண்டும்? செய்தி பயணம் செய்யும் பாதைதான் காரணம். நீங்கள் பேசாதபோதும் உங்கள் கைப்பேசி அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொண்டே இருக்கிறது. ‘நான் இங்கே இருக்கிறேன்’, ‘உனக்கு ஓர் அழைப்பு வருகிறது’ என்பன போன்ற சிறு தகவல்கள் இதற்கென உள்ள தனித் தடத்தில் சென்று வருகின்றன. அத்தடம் பெரும்பாலான நேரம் வெறுமையாகக் கிடக்கும். அதில் எழுத்தை ஏற்றி அனுப்பினால் புதிய பாதை அமைக்கும் செலவு மிச்சம். எப்படியும் ஓடப்போகும் பேருந்தில் நடத்துநரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்புவது போன்றதுதான் இது. ஆனால் கடிதம் சிறியதாக இருந்தாக வேண்டும் அல்லவா?

அவ்வாறு கிடைத்த இடம் 1120 பிட்டுகள். பிட் என்பது எரியும் அல்லது அணையும் ஒரு விளக்கைப் போன்றது. ஏழு விளக்குகளை ஒரு வரிசையில் வைத்தால் 128 வகைகளில் எரியவிடலாம். ஒவ்வொரு வகையும் ஓர் எழுத்தைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓர் எழுத்துக்கு ஏழு பிட் போதும். 1120-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 160!

ஆக, 128 இருக்கைகள் கொண்ட ஓர் அவை அமைந்தது. அந்த இருக்கைகளில் அமர்ந்தவர் யார்? ஆங்கில எழுத்துக்கள், எண்கள், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய, ஸ்வீடிய மொழிகளின் சில சிறப்பெழுத்துக்கள் ஆகியன. கிரேக்கத்தின் நிலை சற்றே வேடிக்கையானது. அதன் 24 பெரிய எழுத்துக்களில் 14 எழுத்துக்கள் ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றுபவை. ஆகவே எஞ்சிய 10 மட்டும் சேர்க்கப்பட்டன. சிற்றெழுத்துக்களுக்கு இடமில்லை. ஐரோப்பிய மொழியான கிரேக்கத்துக்கே இந்த நெருக்கடி என்றால், தமிழைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அது ஐரோப்பியர் ஐரோப்பாவுக்கென வகுத்த திட்டம். உலகமே அதைக் கைக்கொள்ளும் என்று அன்று யார் கண்டார்?

1992 டிசம்பர் 3 ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி சென்றது. நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் அதைக் கணிப்பொறியிலிருந்து அனுப்பினார். வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸ் தம் கைப்பேசியில் பெற்றுக்கொண்டார். செய்தி இரண்டே சொற்கள்தான்: கிறிஸ்துமஸ் வாழ்த்து. அந்தக் கைப்பேசியில் பதில் எழுதி அனுப்பும் வசதி கிடையாது.

தமிழைப் பொறி எண்ணும் விதம்

ஏழு பிட் பட்டியலில் இல்லாத மொழிகளுக்கு வேறொரு வழி செய்யப்பட்டது. ஓர் எழுத்துக்கு 16 பிட்! 16 விளக்குகளால் 65,536 வகைகள் கிடைப்பதால் சீனம், அரபு, தமிழ் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஆனால் பை பெரிதாகவில்லை. 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70! ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் செய்தி முழுவதும் இந்தக் கணக்குக்கு மாறிவிடும்.

அந்த 70 கூட நாம் பள்ளியில் எண்ணிய எழுத்தன்று. 1991 ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு முறையில், பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துக்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வகையான அமைப்பு பின்பற்றப்பட்டது. அதன்படி ‘க’ ஒரு குறி. ‘க்’ என்பதோ ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். மெய்யே அடிப்படை, அதனோடு அகரம் சேர்ந்தால் ‘க’ என்பது நம் இலக்கணம். பொறிக்குள் இது தலைகீழாகிவிட்டது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. பொறிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து.

இதனால் நேரும் இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

“நாளை பலத்த மழை பெய்யும். மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.”

இதில் நாம் எண்ணினால் 31 எழுத்துக்கள். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 40. பொறியின் கணக்கிலோ 61. ‘நாகப்பட்டினம் மீனவர்கள்’ என்று ஊரின் பெயரைச் சேர்த்தால் 75 ஆகிவிடும். உடனே அது இரண்டு செய்தியாகப் பிளக்கப்படும். பிளந்தவற்றை ஒட்டுவதற்கான குறிப்பும் உள்ளே ஏறுவதால் ஒவ்வொரு பகுதியிலும் 67 குறிகளுக்கே இடம். மொத்தமாகச் செய்தி அனுப்புவோருக்குப் பகுதிக் கணக்கில்தான் கட்டணம். இதே எச்சரிக்கையை ஆங்கிலத்தில் எழுதினால், 160-ல் பாதியளவு கூட ஆகாது. அப்படியிருக்க, செலவைக் கணக்கிடும் அலுவலகம் எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

இது தவிர்க்க முடியாததா?

தவிர்த்திருக்கலாம் என்பதே உண்மை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் நிரம்பியவை 72 மட்டுமே. அதாவது, தமிழ் ஏழு பிட்டுக்குள் தாராளமாக அடங்கும் மொழி! பின்னாளில் தர அமைப்பினர் இதை ஏற்றனர். 2008 ஆம் ஆண்டை ஒட்டித் துருக்கி மொழிக்கும், அடுத்துத் தமிழ் உள்ளிட்ட 10 இந்திய மொழிகளுக்கும் தனி ஏழு பிட் பட்டியல்கள் வகுக்கப்பட்டன. ‘இது தமிழ்ப் பட்டியல்’ என்று அறிவிக்கும் சிறு குறிப்பு போக, ஒரு செய்தியில் 155 தமிழ்க் குறிகள் செல்லலாம். ஆனால் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் அப்பட்டியலை அறிந்திருக்க வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகள் பரவிய பின் வந்த திருத்தம் அது. வீடு கட்டி முடித்த பின் அடித்தளத்தை மாற்றுவது எளிதா?

160-இன் நிழல் சமூக ஊடகத்திலும் விழுந்தது. 2006 ஆம் ஆண்டில் தோன்றிய ட்விட்டர், குறுஞ்செய்தி வழியே இயங்குமாறு அமைக்கப்பட்டது. 160-ல் 20 எழுத்தைப் பயனரின் பெயருக்கு ஒதுக்கியது போக, எஞ்சிய 140-ஐப் பதிவுக்கு வைத்தனர். 2017 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மொழிவாரியாகக் கணக்கெடுத்தது. ஆங்கிலப் பதிவுகளில் 9 விழுக்காடு எல்லையை முட்டின. ஜப்பானியப் பதிவுகளிலோ 0.4 விழுக்காடுதான். ஒரே எல்லை எல்லா மொழிக்கும் ஒரே அளவன்று என்பது அப்போது தெளிவாயிற்று. சீனம், ஜப்பானியம், கொரியம் தவிர்த்த மொழிகளுக்கு எல்லை 280 ஆக உயர்ந்தது. தமிழுக்கும் அது கிடைத்தது. ஆனால் அங்கும் புள்ளி ஒன்றாகவே எண்ணப்பட்டது.

2009 ஆம் ஆண்டில் தொடங்கிய வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வந்தபின் எழுத்தை எண்ணும் கவலை நமக்குப் பெரிதும் நீங்கிவிட்டது. ஆயினும், இணையமில்லாத சாதாரணக் கைப்பேசியையும் எட்டுவது குறுஞ்செய்திதான். வங்கியின் கடவு எண்ணும் புயல் எச்சரிக்கையும் இன்றும் அந்தச் சிறிய பையில் பயணம் செய்கின்றன.

ஹில்லெப்ராண்ட் தமிழுக்குத் தீங்கு எண்ணியவரல்லர். தம் மேசையில் இருந்த அஞ்சலட்டைகளை அவர் நேர்மையாக எண்ணினார். அந்த அட்டைகளில் தமிழ் இல்லை, அவ்வளவே. இன்று பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகளுக்கும், தாமே எழுதும் கணிப்பொறிகளுக்கும் இதே போன்ற விதிகள் வகுக்கப்பட்டு வருகின்றன. அந்த மேசைகளில் தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்த பொறியாளர்கள் தொடக்கத்திலேயே அமரவேண்டும். விதி முடிவான பின் திருத்தக் கேட்பது கடினம் என்பதை 70 என்ற எண் நமக்குக் கற்பித்துவிட்டது.

நேரம் கிடைக்கும்போது உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். முதலில் இலக்கணப்படி எண்ணுங்கள். பிறகு புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணுங்கள். ‘கொ’, ‘கௌ’ போன்றவற்றில் இருபுறமும் வரும் துணைக்குறியைச் சேர்த்து ஒன்றாகக் கொள்க. இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு?