அம்மாவின் எலும்புக் கணக்கு: டொக்டரிடம் போகுமுன் எழுதி வைக்க வேண்டியவை

பிரித்தானியாவில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீடு தேடிக் கடிதம் வரும். ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோய்க்கு அப்படி வராது. அதற்கெனத் தேசியப் பரிசோதனைத் திட்டம் இங்கில்லை. குடும்ப டொக்டர் கவனித்தால், அல்லது நாம் கேட்டால்தான் உண்டு.

முழங்கால் நோவை நாம் ‘எலும்புத் தேய்வு’ என்கிறோம். அது மூட்டு வருத்தம், இது வேறு. இதில் எலும்பின் அடர்த்தி குறைந்து, இலேசாக முறியக்கூடியதாகிவிடும். முறியும்வரை பெரும்பாலும் நோவிருக்காது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டோ இடுப்போ முறிந்திருந்தால், அதை வெறும் விபத்தென்று விடக்கூடாது.

யாருக்குப் பார்க்க வேண்டும்? 65 வயதும் அதற்கு மேலுமான பெண்களுக்கும், 75 வயதும் அதற்கு மேலுமான ஆண்களுக்கும் முறிவு அபாயத்தை மதிப்பிடுவது பற்றி யோசிக்கும்படி நைஸ் அமைப்பு 2012 இல் வழிகாட்டியது. முன்பு எலும்பு முறிந்தவர்கள், அடிக்கடி விழுபவர்கள், ஸ்ரீரொயிட் குளிசை எடுப்பவர்கள், மிக மெலிந்தவர்கள், புகைப்பவர்கள், அதிகம் குடிப்பவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிந்தவர்கள் ஆகியோருக்கு அதற்கு முன்னரே பார்க்கலாம்.

டொக்டர் கணினியில் சில கேள்விகளுக்கு விடை பதிவார். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிராக்ஸ் என்ற கணிப்பு, அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பை வீதத்தில் காட்டும். கணக்கு வேலை பார்த்த எமக்கு இது பழகிய விடயம்: பதிவு பிழைத்தால் கூட்டுத்தொகையும் பிழைக்கும். எம்மவர் வீடுகளில் பதிவு பிழைக்கும் இடங்கள் சில உண்டு.

வயது: இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, குத்துமதிப்பான பிறந்த திகதியுடன் வாழ்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் கணிப்பில் வயதுக்குப் பெரிய பங்குண்டு. உண்மை வயது கூடுதலென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பழைய முறிவு: “ஒண்டும் இல்லை” என்பார் அம்மா. ஊரில் கிணற்றடியில் வழுக்கி, ஒட்டகப்புலத்திலோ வேறெங்கோ பத்துப் போட்டு மாறிய கையும் கணக்கில் சேரும்.

குளிசை: முட்டு வருத்தத்துக்கோ முடக்குவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் பிரெட்னிசலோன் எடுத்தாரா? இந்தியாவில் இருந்த காலத்தில் எடுத்ததையும் சொல்ல வேண்டும்.

நீரிழிவும் விழுதலும்: முதுமையில் வரும் இரண்டாம் வகை நீரிழிவையும், விழுந்த தடவைகளையும் ஃபிராக்ஸ் வழமையாகக் கேட்பதில்லை. அதனால் அபாயம் குறைவாகத் தெரியலாம். நாமாகவே சொல்ல வேண்டும்.

அபாயம் நடுத்தரமாகவோ கூடுதலாகவோ இருந்தால் டெக்சா ஸ்கானுக்கு அனுப்பக்கூடும். படுத்திருந்தால் போதும், கதிர்வீச்சு மிகக் குறைவு. வரும் ரி-ஸ்கோர் எண் −2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை நோய் என்பது 1994 இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு.

இதனால் பயனுண்டா? இங்கிலாந்தில் 70 முதல் 85 வயது வரையான 12,483 பெண்களிடம் நடந்த ஸ்கூப் ஆய்வின் முடிவு 2018 இல் வெளியானது. மொத்த முறிவுகள் குறையவில்லை. ஆனால் இவ்வாறு அபாயம் கணித்துச் சிகிச்சை கொடுத்த குழுவில் இடுப்பு முறிவு 28 வீதம் குறைந்தது. முதியவரைப் படுக்கையில் போடுவது பெரும்பாலும் அந்த முறிவுதான்.

இன்னொன்று விற்றமின் டி. மாரியிலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது இங்குள்ள அரச ஆலோசனை. எம்மைப் போன்ற கருந்தோலினரும், வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களும் ஆண்டு முழுவதும் எடுப்பது நல்லது.

டொக்டரிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் இல்லை. பிள்ளைகள் முன் சொல்லக் கூச்சப்படும் விடயங்களும் உண்டு, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பது உட்பட. 45 வயதுக்கு முன் நின்றிருந்தால் அதுவும் முக்கியம். முதல்நாள் இரவே அம்மாவுடன் இருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.