தாய்ப்பலகை மாறும்போது

நான் சொல்வது தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலியை அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள எங்கள் திருநெல்வேலியை. இங்கே கணனியின் தாய்ப்பலகை பழுதாகிவிட்டது என்றதும் எழும் முதற் கேள்வி, "உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதா?" என்பதுதான். 1981 மே 31 இரவு யாழ். பொது நூலகத்தில் மூண்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஊர் அப்படித்தான் கேட்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ஐபிஎம் நிறுவனம் தனது முதல் தனியாள் கணனியை வெளியிட்டது. அதன் அமைப்புகள் தாய்ப்பலகையிலிருந்த சிறு ஆளிகளில் இருந்தன. பலகையை மாற்றினால், ஆளிகளைப் பழையபடி தட்டிவிட்டாற் போதும். 1984 இல் வந்த ஏடி மாதிரியில் அவை பற்றரியில் உயிர்வாழும் சிறு நினைவகத்துக்கு இடம்பெயர்ந்தன. பற்றரி தீர்ந்தால் கணனி திகதியை மட்டுமல்ல, தன் வன்தட்டையே மறந்துவிடும். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரத் தடை; மின்சாரமும் இல்லை. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது.

விண்டோஸ் 95 வந்தபின் அமைப்புகள் பெரும்பாலும் வன்தட்டிலேயே, ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் திரண்டன. தரவும் அங்கேதான். எனவே பலகை செத்தாலும் எதுவும் அழிவதில்லை. ஆனால் எக்ஸ்பி (2001) பழைய பலகையின் வன்தட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கியையே தேடும். கிடைக்காவிட்டால் நீலத்திரையில் 7பி என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். பலகையைக் கழற்றுமுன் அந்த இயக்கியைப் பொதுவான ஐடிஈ வகைக்கு மாற்றிவிடலாம். முடியாதபோது, இறுவட்டிலிருந்து பழுதுபார்ப்பு நிறுவலைச் செய்தால் கோப்புகளும் நிரல்களும் அப்படியே தங்கும். பொறுமையில்லாதவர்கள் வன்தட்டை வடிவமைத்துப் புதிதாக நிறுவினார்கள். தரவு போனது பலகையால் அல்ல, அந்த அவசரத்தால்.

கோப்புகளைக் காப்பாற்றியவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகள், புதிய நிறுவலில் அந்த எழுத்துரு இல்லாததால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. ஒரேயொரு எழுத்துருக் கோப்பைப் பிரதியெடுத்து வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்! யூனிகோட் பரவிய பின்னரே இந்தத் தொல்லை குறைந்தது.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. இன்றைய பல விண்டோஸ் கணனிகளில் பிட்லொக்கர் வன்தட்டைப் பூட்டிவைக்கிறது. திறவுகோல் தாய்ப்பலகையோடு சேர்ந்த பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. பலகை மாறினால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்கவேண்டும். சில மடிக்கணனிகளில் சேமிப்பகமே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பலகையோடு தரவும் போய்விடும்; வெளியே ஒரு பிரதி ஏற்கெனவே இருந்தாலொழிய.