டிராபேக் என்றால் குறை மட்டும்தானா?



நம்ம ஆலத்தூர் நாட்டிலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளை ஒருவன் போனில் கேட்டான். "டீச்சர், டிராபேக்னா குறைன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க? இங்க ஆபீஸ்ல டிராபேக் வந்துருச்சுன்னு சந்தோஷப்படுறாங்களே?"

இரண்டும் சரிதான். 'டிரா' என்றால் இழு, 'பேக்' என்றால் பின்னால். நம்மை முன்னேற விடாமல் பின்னால் இழுப்பது குறை. கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதற்கும் அதே சொல்தான். இறக்குமதியான சரக்கு மறுபடி வெளிநாட்டுக்குப் போனால், கட்டிய சுங்க வரி திரும்பக் கிடைக்கும். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் டிராபேக் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. குறைகளைப் பற்றியது என்று நினைத்துப் பிரித்தால் முழுக்க வரிப் பேச்சு!

இந்தப் பணம் ஒரு கலகத்துக்கே வழி விட்டது. சென்னையில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனி, சீனத் தேயிலையை லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றுவந்தது. கிடங்கில் தேயிலை தேங்கியது, கடனும் ஏறியது. அதைக் காப்பாற்ற 1773இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பும் தேயிலைக்கு, இங்கிலாந்தில் கட்டிய இறக்குமதி வரி முழுவதும் திரும்பக் கிடைக்கும். கம்பெனியே நேரடியாக அனுப்பலாம்.

தேயிலை மலிவாகும், அமெரிக்கர்கள் சந்தோஷமாக வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் இறங்கும்போது பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே இருந்தது. எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி. விலை குறைந்ததே அவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உள்ளூர் வியாபாரிகளுக்கோ பிழைப்பு போய்விடும் என்ற பயம். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். கம்பெனிக்குக் கொடுத்த டிராபேக்கே பிரிட்டனுக்கு டிராபேக் ஆகிப்போனது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் இரண்டு அர்த்தத்தையும் மறக்கமாட்டார்கள்.

நம் நாட்டில் 1962ஆம் வருடச் சுங்கச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. வந்த சரக்கே அப்படியே திரும்பிப் போனால் பிரிவு 74. வெளியிலிருந்து வந்த பொருளைச் சேர்த்து இங்கே தயாரித்து ஏற்றுமதி செய்தால் பிரிவு 75. பனியனுக்கு வருவது இரண்டாவது. அதிலும் ஒரு நிபந்தனை: வெளிநாட்டுக்காரரிடமிருந்து சரக்குக்கான பணம் கெடுவுக்குள் வந்து சேராவிட்டால், கொடுத்த டிராபேக்கை அரசாங்கம் திரும்ப வசூலித்துவிடும்.