தெரிந்த ஆளைப் பார்த்து 'யார் நீ?' என்று கேட்கும் இணையதளங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம். சிப்காட் தொழிற்சாலைகளுக்காகவும் பெங்களூர் வேலைக்காகவும் இந்த எல்லையைத் தினமும் கடப்பவர்கள் ஏராளம். கையில் அதே செல்போன், அதே பிரவுசர். ஆனாலும் ஒருநாள் மின்னஞ்சலைத் திறந்தால், "புதிய சாதனத்திலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார். அது நீங்கள்தானா?" என்று ஒரு எச்சரிக்கை! வருடக்கணக்கில் பழகிய பிரவுசரைத் தெரியாது என்கிறதே, ஏன்?

இதற்கு விடை, இணையம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்வைத்த யோசனையிலிருந்து உருவான வலைக்கு ஞாபகசக்தியே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும், கொடுத்ததும் கேட்டவரை மறந்துவிடும். கட்டுரைகளைப் படிப்பதற்கு இது போதும். ஆனால் கடை நடத்த முடியுமா? கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போவதற்குள் காணாமல் போகுமே!

1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். அதுதான் குக்கி. தளம் ஒரு சிறிய அடையாளச் சீட்டை எழுதி பிரவுசரிடம் கொடுத்துவிடும். அடுத்த முறை பிரவுசர் அந்தச் சீட்டைத் திருப்பிக் காட்டும். அவ்வளவுதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரை, மாநில எல்லையின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் காகிதம் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். நூறு முறை வந்துபோன டிரைவராகவே இருக்கலாம். காகிதம் இல்லையென்றால் ஓரமாக நிற்க வேண்டியதுதான். சாவடிக்கு முகம் முக்கியமில்லை, சீட்டுதான் முக்கியம். இணையதளமும் அப்படித்தான். அதற்குத் தெரிந்தது பிரவுசர் அல்ல, பிரவுசர் கையில் இருக்கும் சீட்டு.

அந்தச் சீட்டு தொலைவதற்குக் காரணங்கள் பல. போனில் இடம் போதவில்லை என்று பிரவுசரின் தகவல்களை அழித்தால் போய்விடும். மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் பழைய சீட்டு அங்கே வராது. வேறொரு செயலிக்குள் வந்த இணைப்பைத் தட்டினால், பல நேரம் அது அந்தச் செயலியின் சொந்த பிரவுசரில் திறக்கும். அதன் சீட்டுப் பெட்டி வேறு. போதாக்குறைக்கு, விளம்பர நிறுவனங்கள் ஆட்களைப் பின்தொடர்வதைத் தடுக்க பிரவுசர்களே சீட்டுகளின் ஆயுளைக் குறைத்தன. ஆப்பிளின் சஃபாரி, பக்கத்தில் ஓடும் நிரல் எழுதும் குக்கிகளுக்கு 2019ல் ஏழு நாள் கெடு வைத்தது.

சீட்டு இல்லையென்றால் தளம் என்ன செய்யும்? ஊகிக்கும். பிரவுசரின் பெயர், பதிப்பு, திரை அளவு, மொழி, நேர மண்டலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். இ.எஃப்.எஃப். என்ற அமைப்பு 2010ல் சுமார் 4,70,000 பிரவுசர்களை ஆராய்ந்தபோது, 83.6 சதவீதம் வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. நல்ல அடையாளம் போலத் தெரிகிறது அல்லவா? ஆனால் பிரவுசர் புதிய பதிப்புக்கு மாறினாலே இந்தக் கைரேகையும் மாறிவிடும்.

அடுத்த ஊகம் ஐ.பி. முகவரி. எல்லைப் பகுதியில் தடுமாற்றம் அதிகமாவது இங்கேதான். தமிழ்நாடும் கர்நாடகமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். மேலும், ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை ஐ.பி. முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகின்றன. ஓசூரில் உட்கார்ந்திருப்பவரைத் தளம் சென்னை என்றும் நினைக்கலாம், பெங்களூர் என்றும் நினைக்கலாம். சீட்டு பத்திரமாக இருந்தால் இதனால் பெரும்பாலும் தொந்தரவில்லை. சீட்டும் போய், ஊரும் மாறித் தெரிந்தால் சந்தேகம் வந்துவிடும்.

ஃபேஸ்புக் 2010 மே மாதம் புதிய சாதன எச்சரிக்கையைக் கொண்டுவந்தது. கூகுள் 2011 பிப்ரவரியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லோருக்கும் திறந்தது. திருடனைத் தடுக்க வந்த பூட்டுகள் இவை. ஆனால் வீட்டுக்காரரும் வெளியே மாட்டிக்கொள்வதுண்டு. வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து ஓசூர் வந்தவர் பழைய சிம்மை விட்டுவிட்டுப் புதியது வாங்குகிறார். ஒருநாள் சீட்டு தொலைகிறது. தளம் ஓ.டி.பி. அனுப்புவதோ பழைய எண்ணுக்கு! அந்த எண் அதற்குள் வேறொருவர் கைக்கே போயிருக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பொய் எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர், "நான்தான்" என்ற பொத்தானை யோசிக்காமல் அழுத்தப் பழகிவிடுகிறார். உண்மையான திருடன் வரும் நாளிலும் விரல் அதே பொத்தானுக்குத்தான் போகும்.

எனவே எச்சரிக்கை வந்தால் ஊர்ப்பெயரைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். அந்த நிமிடத்தில் நீங்கள் நுழைந்தீர்களா? இல்லையென்றால், அஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், தளத்துக்கு நேராகப் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். எண் மாற்றினால் முதல் வேலையாகக் கணக்கிலும் மாற்றுங்கள். முகம் தெரியாத சாவடியில் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது பயணியின் பொறுப்புதானே!