திருகோணமலைப் பறங்கியரும் அவர்தம் மொழியும்

திருகோணமலை வரலாற்றிலே போர்த்துக்கேயர் பெறும் இடம் பெரும்பாலும் ஒரு செய்தியோடு முடிந்துவிடுகின்றது. 1620களிற் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினர் என்பதே அது. மறக்கத்தக்க செய்தியன்று. ஆயினும், 1639இல் அக்கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள் விட்டுச்சென்ற மொழி இன்னும் முற்றாக அழியவில்லை என்பது அதன் நிழலில் மறைந்துபோயிற்று. லிங்கநகர்வாசி ஒருவர் அதே நகரிலுள்ள பாலையூற்றுக்குச் சென்றால், பறங்கியர் இல்லங்களில் முதியோர் வாயிலாக அதனைக் கேட்கலாம்.

1658இற் போர்த்துக்கேயர் இலங்கையைவிட்டு முற்றாக நீங்கினர். அவர்கள் மொழியின் கலப்புவடிவமோ ஒல்லாந்தர் இல்லங்களிலும் புகுந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1820களில், வெஸ்லியன் மிஷனரிமார் புதிய ஏற்பாட்டையே அதில் அச்சிட்டனர். பின்னர் மேற்குக் கரையில் அது தேய்ந்தது. கீழ்க்கரையில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தச்சு, கொல்லு, சப்பாத்துத் தொழில் ஆகியவற்றாற் பிழைத்த கத்தோலிக்கப் பறங்கியரிடையே நிலைத்தது. பள்ளிக்கூடம் அதனைக் கற்பிக்கவில்லை. வீடும், கபிரிஞ்ஞா ஆடப்படும் திருமண வைபவங்களுமே அதற்குத் துணை.

தமிழ் மாணவர் சிறப்பாக நோக்கவேண்டியது இம்மொழியின் அமைப்பையாகும். போர்த்துக்கேயத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவே நிற்கும்; இதில் தமிழிற்போல இறுதியில் நிற்கின்றது. பெயருக்கு முன் வரவேண்டிய ‘பரா’ என்னும் சொல் குறுகிப் பின்னே ஒட்டி, நம் நான்காம் வேற்றுமை உருபின் தொழிலைச் செய்கின்றது. 1970களில் மட்டக்களப்பில் ஆய்வு தொடங்கிய மொழியியலாளர் இயன் சிமித் இவற்றை விரிவாக விளக்கியுள்ளார். கதிரை, குசினி, சப்பாத்து, அலுமாரி, பாண் என நாம் அவர்களிடம் சொற்களைப் பெற்றோம். அவர்களோ நம்மிடம் வாக்கியத்தையே பெற்றுக்கொண்டனர்.

சிறுபான்மை மொழி எதனால் வாழும் என்பதற்கு இத்தாலியின் வடக்கிலுள்ள கார்டேனா பள்ளத்தாக்கு ஒப்புநோக்கத்தக்கது. 1970இல் உலகப் பனிச்சறுக்குப் போட்டி நடைபெற்ற அம்மலைப்பகுதியில், ஜெர்மன், இத்தாலியம் எனும் பெருமொழிகளுக்கிடையே லதீன் மொழி வாழ்கின்றது. அங்கு 1948 முதல் பாடசாலைகளில் லதீனுக்கும் இடமுண்டு. பனிச்சறுக்குச் சுற்றுலாவோ இளைஞருக்கு ஊரிலேயே பிழைப்பளிக்கின்றது. திருகோணமலைக்கு உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் உண்டு, சுற்றுலாவும் உண்டு. ஆனால் பறங்கியர் நிலை வேறு. 1957இற் பிரித்தானியக் கடற்படைத்தளம் கைமாறியது. 1983இல் மூண்ட போர் 2009வரை நீடித்தது. அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தோர் பலர். எஞ்சியோரின் பிள்ளைகள் தமிழிற் கற்றுத் தமிழிலேயே உரையாடுகின்றனர்.

அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் இவ்விரு நகரங்களிலும் இம்மொழியை ஒலிப்பதிவு செய்துள்ளனர். அதன் உருபுகளைத் தமிழிலக்கணத்தோடு ஒப்பிட்டு ஆராய்தற்கு நம் மாணவரே தகுதியுடையர். பாலையூற்று முதியோர் வாழுங் காலமே அப்பணிக்கு எல்லை.