கண்ணாடியைத் தவறவிட்டது யார் கை?

1959-இல் வெளிவந்த ‘கம்பல்ஷன்’ என்னும் அமெரிக்கப் படத்தின் முடிவிலே, கடவுள் நம்பிக்கையற்ற வழக்கறிஞர் ஜொனாதன் வில்க், தூக்குக்குத் தப்பிய இளைஞனை நோக்கி, பிணத்தருகே அவன் மூக்குக் கண்ணாடியை விழச் செய்தது ஆண்டவனின் கையாக இருக்கலாகாதா என்ற கருத்துப்பட வினவுகிறார். அதுவரை நெஞ்சு நெகிழ்ந்திருந்த எனக்கு, அக்கணம் எரிச்சலே மூண்டது. ஏன்? வில்க் என்ற அந்தப் பெயருக்குப் பின்னே நிற்பவர் கிளாரன்ஸ் டாரோ!

1924 மே 21. சிகாகோ நகரில், 14 வயதுச் சிறுவன் பாபி பிராங்க்ஸ் கொல்லப்பட்டான். என் வகுப்பில் அமரும் மாணவர்களின் வயது! கொன்றவர்களோ பட்டம் பெற்ற இருவர். லியோபோல்டுக்கு 19 வயது, லோபுக்கு 18. வறுமையா? இல்லை, செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பகையா? அதுவுமில்லை. அறிவில் உயர்ந்த அதிமனிதனைச் சட்டம் தீண்டாது என்ற மமதை! ‘நாங்கள் மேலோர், எங்களுக்கு வேறு நீதி’ என்னும் குரல் நம் செவிக்குப் புதிதா, தோழர்களே?

கண்ணாடியின் கதையைக் கேளுங்கள். அதன் கீல் அரிய வகை. அந்நகரில் விற்பனையானவை மூன்றே என்று கடைக்கணக்கு காட்டிற்று; மூன்றில் ஒன்று லியோபோல்டினுடையது. அன்று காரில் ஊர் சுற்றினோம் என்றனர் இருவரும். அந்தக் காரைத் தான் பழுது பார்த்துக்கொண்டிருந்ததாகக் காரோட்டி கூறினார். பணம் கேட்டு வந்த கடிதத்தின் தட்டச்சு, லியோபோல்டு தட்டச்சு செய்த பாடக் குறிப்புகளோடு ஒத்திருந்தது. அதைத் தேடிப் பிடித்தவர்கள் செய்தியாளர்கள். கணக்கேடும், காரோட்டியும், செய்தியாளரும் சேர்ந்து கண்டறிந்த உண்மை. இதிலே ஆண்டவனுக்கு எங்கே வேலை?

67 வயது டாரோ, ‘இவர்கள் குற்றவாளிகள்’ என்று ஒப்புக்கொண்டே வாதத்தைத் தொடங்கினார். அதனால் ஜூரிக்கு இடமில்லாமல், முடிவு நீதிபதி கேவர்லி ஒருவர் தோளிலே விழுந்தது. மனநோய் மருத்துவர்கள் சான்றுரைத்தனர். (ஏழை வீட்டுப் பிள்ளைகளென்றால் இத்தனை மருத்துவர் வந்திருப்பாரோ!) ஏறத்தாழ 12 மணி நேரம் பேசினார் டாரோ. பிறப்பும் வளர்ப்பும் உருவாக்கிய மனத்தைக் கயிற்றால் திருத்த முடியுமா என்பதே அவர் வாதத்தின் உயிர். திரையிலே ஆர்சன் வெல்ஸ் அதனைத் தணிந்த குரலில், தழுதழுக்காமல் பேசுகிறார். படத்தின் பெருமை அதுதான். செப்டம்பர் 10-இல் தீர்ப்பு: கொலைக்கு ஆயுள் சிறை, கடத்தலுக்கு 99 ஆண்டு. நீதிபதி பெரிதும் கருதியது, டாரோவின் தத்துவத்தையன்று. அவ்விருவரின் இளம் வயதை. லோப் 1936-இல் சிறைக்குள்ளே கொல்லப்பட்டான். லியோபோல்டு 1958-இல் வெளிவந்தான்.

மறு ஆண்டே, 1925-இல், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காகக் கூண்டேறிய ஆசிரியர் ஸ்கோப்ஸுக்காக டென்னசியிலே வாதாடியவர் இதே டாரோ. கடவுள் உண்டென ஒப்ப முடியாமைக்குக் காரணம் காட்டிக் கட்டுரையும் எழுதியவர். அவர் மறைந்தது 1938-இல். படம் வந்தது 21 ஆண்டு கழித்து; மறுப்புரைக்க அவர் இல்லை.