மேல் இறக்கையா, கீழ் இறக்கையா?

எங்கள் திருவண்ணாமலைக்கு விமான நிலையம் கிடையாது. கிரிவலப் பாதையில் நடக்கும்போது தலைக்கு மேலே எப்போதாவது ஒன்று பறந்து போகும், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குச் சின்ன விமானங்கள் மேல் ஒரு பைத்தியம். அதனால் இன்று கொஞ்சம் விமான வரலாறு.

சின்ன விமானங்களில் இரண்டு வகை. செஸ்னா 172 போன்றவற்றில் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கும். பைப்பர் செரோக்கி போன்றவற்றில் அவருக்குக் கீழே இருக்கும். நம் நாட்டில் இந்த இரண்டு வகையையும் வடிவமைத்துக் காட்டியவர் ஒரே மனிதர்தான்: விஷ்ணு மாதவ் காட்கே. ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டில் என்ற மேதையிடம் ஆராய்ச்சி செய்தவர். பிறகு பெங்களூர் ஹெச்.ஏ.எல்.-இல் சேர்ந்தார்.

அவர் தலைமையில் 1951இல் ஹெச்.டி-2 பறந்தது. கீழ் இறக்கை, ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கை. நம் விமானப்படையில் பல்லாண்டு காலம் புதியவர்கள் இதில்தான் பழகினார்கள். 1958இல் புஷ்பக் வந்தது. மேல் இறக்கை, 90 குதிரைசக்தி என்ஜின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர். 150க்கும் மேல் செய்தார்கள், பெரும்பாலும் ஃப்ளையிங் கிளப்புகளுக்காக.

சரி, ஒன்றில் பழகியவர் மற்றதில் ஏறினால் என்ன ஆகும்?

முதலில் தரையிறக்கம். இறக்கை தரைக்கு மிக அருகில் வரும்போது, அதன் நுனியில் சுழலும் காற்றைத் தரை தடுக்கிறது. இழுவை குறைகிறது. கீழ் இறக்கை தரையை இன்னும் நெருங்குவதால் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். வேகத்தைக் குறைக்காமல் வந்தால் ஓடுபாதை தீர்ந்துவிடும். இந்த இழுவைக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் காட்கேயின் குரு பிராண்டில்தான்!

அடுத்தது எரிபொருள். செஸ்னா 172இல் பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கும், இரண்டு டேங்கையும் ஒன்றாகத் திறந்து வைக்கலாம். செரோக்கியில் பம்ப் வேண்டும், இடது வலது என்று விமானிதான் மாற்ற வேண்டும். மறந்தால், ஒரு டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போதே என்ஜின் நின்றுவிடும்.

மூன்றாவது பார்வை. மேல் இறக்கை திரும்பும் பக்கத்தை மறைக்கும், கீழ் இறக்கை கீழே இருப்பதை மறைக்கும். இறங்க வரும்போது கீழ் இறக்கை விமானம் மேலேயும், மேல் இறக்கை விமானம் அதற்கு நேர் கீழேயும் வந்தால்? இருவருக்கும் மற்றவர் தெரியமாட்டார். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் கை கியர் பழகிவிட்டு, மாமாவின் பைக்கை எடுத்த அன்று, வளைவில் என் இடது கை கியரைத் தேடியது. தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. நான் சாலையோரம் நிறுத்திக்கொண்டேன். வானத்தில் ஓரம் ஏது? அதனால்தான் விமானிகள் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், வேறு விமானத்துக்கு மாறும்போது பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி மாணவர் ஆகிறார்கள்.

புஷ்பக்குகளுக்குப் பிறகு 2000இல் சான்றிதழ் பெற்ற நம் ஹன்ஸா-3 விமானமும் கீழ் இறக்கைதான். செஸ்னாவில் பழகி அதில் ஏறுகிறவருக்கும் இதே பாடம்தான், நண்பர்களே.